ஒரு குழியை மூட இன்னொரு குழியா?

(நிலக்கரிச் சுரங்கக் கழிவு பற்றி ஒரு கட்டுரை)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

முன்னுரை

மணப்பாறை, துறையூர்ப் பக்கங்களில் கிணறு வெட்டும் தொழிலாளர்கள் கடப்பாரையைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒரு காரியம் செய்வர். வெளிவரும் மண்ணையும் கல்லையும் எங்கே கொட்டுவது என்று இடம் பார்ப்பர். கிணற்று விளிம்பிலேயே குவித்தால் அடுத்த மழைக்கு அத்தனையும் உள்ளே சரிந்துவிடும். உள்ளே ஆள் இருந்தால் அவர் தலைமேலேயே விழும். என் தந்தையார் அத்தொழில் செய்பவர். "வெட்டுறது பாதி வேலை, வெட்டினதை வைக்கிறது பாதி வேலை" என்று அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். வகுப்பில் எரிபொருள்களைப் பற்றிய பாடம் நடந்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. ஐம்பதடிக் கிணற்றுக்கே இவ்வளவு யோசனை வேண்டுமானால், பல நூறடி ஆழத்தில் ஆண்டுக்கணக்கில் வெட்டப்படும் நிலக்கரிச் சுரங்கத்தில் வெட்டியதை எங்கே வைக்கிறார்கள்? அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

திருச்சிராப்பள்ளிக்கும் நிலக்கரிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். பொன்மலைப் பணிமனையில் தலைமுறை தலைமுறையாகப் பழுது பார்க்கப்பட்ட நீராவி எஞ்சின்கள் நிலக்கரி தின்று ஓடியவை. 1965 ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய நமது திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையின் கொதிகலன்கள், நாடெங்கும் அனல்மின் நிலையங்களில் நிலக்கரியை எரித்து மின்சாரம் தருகின்றன. நிலக்கரி நம் ஊரில் விளைவதில்லை. ஆயினும் அதனால் வாழ்வோர் நம் ஊரில் பலர். ஆகவே அதன் கழிவைப் பற்றி அறிவதும் நம் கடமையே ஆகும்.

கழிவு என்பது எது?

நம் மாநிலத்து நெய்வேலியில் எடுக்கப்படுவது பழுப்பு நிலக்கரி. அது மேல்மண்ணை முழுவதும் அகற்றி எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கம். இங்கு நாம் காணப்போவது வேறு வகை. பூமிக்குள் இறங்கிக் கரி எடுக்கும் நிலத்தடிச் சுரங்கங்கள் வங்காளத்தின் ராணிகஞ்ச், ஜார்க்கண்டின் ஜரியா, தெலுங்கானாவின் சிங்கரேணி முதலிய இடங்களில் உள்ளன. ராணிகஞ்சில் 1774 ஆம் ஆண்டிலேயே கரி வெட்டத் தொடங்கிவிட்டனர்.

இத்தகைய சுரங்கத்தின் கழிவுகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது கல். சுரங்கவாய் தோண்டும்போதும், கரிப்படுகையின் நடுவே வரும் கற்பட்டைகளை நீக்கும்போதும் வெளிவருவது இது. இரண்டாவது, கரியைக் கழுவும் ஆலையில் மிஞ்சும் கழிகல்லும் கரிச்சேறும். மூன்றாவது நீர், பூமிக்குள் ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் வேலை நடக்கும். நான்காவது, கரியை எரித்த பின் மிஞ்சும் சாம்பல். இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி. மின் நிலையங்களுக்குச் செல்லும் கரியில் நூறு டன்னை எரித்தால் 35 முதல் 40 டன் வரை சாம்பல் மிஞ்சுவது சாதாரணம்.

இந்நான்கும் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத ஐந்தாவது ஒன்றும் உண்டு. அதுதான் கரி இருந்த இடத்தில் ஏற்படும் வெற்றிடம். மேலே ஒரு குன்று, கீழே ஒரு பள்ளம் என்ற இவ்விரண்டையும் சேர்த்து நினைப்பதே கழிவுப் பிரச்சினைக்குத் திறவுகோல் என்பது என் கருத்து.

மேலே குவித்தால் என்ன ஆகும்?

கழிவை மனம்போல் குவித்ததன் விலையை உலகம் அறிந்த நாள் 1966 ஆம் ஆண்டு அக்டோபர் 21. வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்ற சிற்றூருக்கு மேலே, மலைச்சரிவில் சுரங்கக் கழிவைப் பல ஆண்டுகளாகக் கொட்டி வந்தனர். 1958 இல் தொடங்கப்பட்ட ஏழாவது குவியல் நீரூற்றுகள் உள்ள இடத்தின்மேல் அமைந்துவிட்டது. தொடர்மழையில் ஊறிய அக்குவியல் காலை ஒன்பதேகால் மணிக்குச் சரிந்து, கீழே இருந்த தொடக்கப் பள்ளியை மூடியது. 144 பேர் மாண்டனர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். விசாரணை மன்றம் அன்றைய தேசிய நிலக்கரி வாரியத்தையே பொறுப்பாளியாகக் கண்டது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மீதியிருந்த குவியல்களை அகற்றும் செலவுக்காக, மக்கள் மனமுவந்து அளித்த துயர்துடைப்பு நிதியிலிருந்தே ஒன்றரை இலட்சம் பவுன் எடுக்கப்பட்டது. 1997 இல்தான் அத்தொகை திருப்பித் தரப்பட்டது.

கல்குவியல் எவ்வாறு ஆறுபோல் ஓடும்? காவிரிக் கரையில் ஈரமணலைக் காலால் விடாது மிதித்துப் பாருங்கள். சற்று நேரத்தில் அது குழைந்து சேறாகிவிடும். துகள்களுக்கு இடையே புகுந்த நீர் அவற்றை ஒன்றோடொன்று உராய விடாமல் விலக்குகிறது. உராய்வு போனால் பிடிப்பும் போய்விடுகிறது. கழிவுக் குவியலில் நடந்ததும் இதுவே.

ஆகவே குவியல் அமைப்பதற்குச் சில விதிகள் உள்ளன. ஊற்றின்மேலோ ஓடையின்மேலோ கொட்டலாகாது. ஒரே இடத்திலிருந்து தள்ளிவிடாமல், அடுக்கடுக்காகப் பரப்பி அழுத்த வேண்டும். சரிவு மெதுவாக இருக்க வேண்டும். மழைநீர் வடியச் சுற்றிலும் வாய்க்கால் வெட்ட வேண்டும். பிறகு மேல்மண் பரப்பிப் புல்லும் மரமும் வளர்க்க வேண்டும். அழுத்துவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கழிவில் கரித்தூள் கலந்திருக்கும். இடைவெளி வழியாகக் காற்று புகுந்தால் அது மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து சூடேறித் தானாகவே தீப்பற்றும். அத்தகைய குவியல்கள் ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டே இருப்பதுண்டு.

கீழே விட்ட வெற்றிடம்

இனிப் பூமிக்குக் கீழே செல்வோம். நம் நாட்டுச் சுரங்கங்களில் கரிப்படுகையினூடே தெருக்கள்போலக் குறுக்கும் நெடுக்கும் பாதை வெட்டி, இடையிடையே பெரிய கரித்தூண்களை விட்டுவிடுவர். ஸ்ரீரங்கம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மண்டபத்துக் கூரையைத் தாங்குவது கற்றூண். சுரங்கத்துக் கூரையைத் தாங்குவது கரித்தூண். முதல் கட்டத்தில் தெருக்களில் உள்ள கரியை மட்டும் எடுப்பர். அடுத்த கட்டத்தில் தூண்களையும் எடுப்பர். கரியில் பெரும்பகுதி அத்தூண்களிலேயே உள்ளது.

தூணை எடுத்தால் கூரை நிற்குமா? இங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆட்களை அப்புறப்படுத்திவிட்டுக் கூரையை விழ விடுவது. மற்றொன்று, கரி எடுத்த இடத்தை வேறு பொருளால் நிரப்பிக்கொண்டே வருவது. பின்னதைச் சுரங்கத் தொழிலில் ஸ்டோயிங் என்பர். முதல் வழியில் செலவு குறைவு. ஆனால் மேலே உள்ள நிலம் உள்வாங்கும், வீடு வெடிக்கும், குளம் வற்றும், வயல் பள்ளமாகும். நிரப்பும் வழியில் நிலம் இறங்குவது மிகவும் குறையும். ஊர், ஆறு, இரயில் பாதை ஆகியவற்றின் கீழே கரி எடுக்க வேண்டுமானால் நிரப்புதல் இன்றியமையாதது.

நிரப்பாமல் விட்டதன் விளைவுகள் பல. ஜரியாவில் 1916 ஆம் ஆண்டிலேயே பூமிக்கடியில் தீ கண்டறியப்பட்டது. வெற்றிடங்களின் மேல் ஏற்பட்ட பிளவுகளின் வழியே காற்று உட்புகுந்து தீயை வளர்த்தது. நூறாண்டுகளுக்கு மேலாகியும் அத்தீ முற்றிலும் அணையவில்லை. ஜரியா, ராணிகஞ்ச் பகுதிகளில் தீயையும் நிலச்சரிவையும் சமாளித்து மக்களைக் குடிபெயர்ப்பதற்காக 2009 இல் மத்திய அரசு ஏற்ற பெருந்திட்டத்தின் மதிப்பு 9,700 கோடி ரூபாய்க்கும் அதிகம். அன்று நிரப்பாமல் மிச்சம் பிடித்த காசு, இன்று பன்மடங்காகத் திரும்பக் கேட்கிறது.

வெற்றிடத்தில் நீர் தேங்கினால் அது காத்திருக்கும் எமன். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில், பழைய வெட்டுகளில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு புகுந்தது. 375 தொழிலாளர்கள் மாண்டனர். 1989 நவம்பரில் ராணிகஞ்ச் மகாவீர் சுரங்கத்திலும் இவ்வாறே நீர் புகுந்தது. ஆறு பேர் இறந்தனர். மேலிருந்து துளையிட்டு, அதன் வழியே ஓர் எஃகுக் கூண்டை இறக்கி, எஞ்சிய 65 பேரையும் ஒருவர் பின் ஒருவராக மேலேற்றினர். பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தாமே அக்கூண்டில் உள்ளே இறங்கி நின்று அப்பணியை நடத்தினார். அவருடைய வீரத்தைப் போற்றுவோம். ஆனால் வெற்றிடமும் அதில் தேங்கும் நீரும் கணக்கில் வைக்க வேண்டிய கழிவுகளே என்ற பாடத்தையும் உடன் கற்க வேண்டும்.

ஆற்று மணலால் நிரப்புதல்

நிரப்புவதன் அவசியத்தை நம் நாடு அறியாமல் இல்லை. 1939 ஆம் ஆண்டிலேயே நிலக்கரிச் சுரங்கப் பாதுகாப்புக்கான ஸ்டோயிங் சட்டம் இயற்றப்பட்டது. நிலக்கரியின்மேல் ஒரு தீர்வை விதித்து, அந்நிதியிலிருந்து நிரப்பும் பணிக்கு உதவி வழங்கினர். நிரப்பும் பொருளாக வாய்த்தது ஆற்று மணல். ஜரியாவுக்கும் ராணிகஞ்சுக்கும் தாமோதர் நதி, சிங்கரேணிக்குக் கோதாவரி. மணலை அள்ளி, கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் தொட்டிகளிலும் லாரிகளிலும் சுரங்கவாய்க்குக் கொண்டு சென்றனர்.

முறை எளிது. மேலே மணலையும் நீரையும் கலக்குவர். அக்கலவை தன் எடையாலேயே குழாய் வழியே கீழே பாயும். நிரப்ப வேண்டிய இடத்தைச் சுற்றி மூங்கில் தட்டியும் சாக்குத்துணியும் கொண்டு அடைப்பு கட்டியிருப்பர். நீர் வடிந்து வெளியேறும். மணல் உள்ளே தங்கி இறுகும். வடிந்த நீரைத் தொட்டியில் தேக்கி மீண்டும் மேலே இறைப்பர். மணல் சிறந்ததாக இருப்பதற்குக் காரணம், அதிலிருந்து நீர் விரைவில் வடிவதும், பாரம் ஏறினாலும் அது அதிகம் அமுங்காததும் ஆகும்.

எவ்வளவு மணல் வேண்டும்? நாமே கணக்கிடலாம். கரியின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.4. ஆகவே ஒரு டன் கரி எடுத்தால் சுமார் 0.7 கன மீட்டர் வெற்றிடம் உண்டாகும். ஒரு கன மீட்டர் மணலின் எடை சுமார் ஒன்றரை டன். எனவே அவ்வெற்றிடத்தை நிரப்ப ஒரு டன்னுக்குக் குறையாத மணல் வேண்டும். அதாவது, நாளொன்றுக்கு ஆயிரம் டன் கரி எடுக்கும் ஒரே ஒரு சுரங்கத்துக்கு நாள்தோறும் ஆயிரம் டன் மணல்! பத்து டன் லாரியில் ஏற்றினால் தினம் நூறு லாரி!

கொள்ளிடம் கற்பிக்கும் பாடம்

இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்குக் கொள்ளிடம் நினைவுக்கு வந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக இருப்பது ஸ்ரீரங்கம். ஆற்று மணல் வெறும் மணல் அன்று. அது வெள்ள நீரைக் குடித்து வைத்துக் கோடையில் தரும் தொட்டி. நம் நகரம் குடிப்பது அந்த ஆற்றுமணலுக்குள் இறக்கிய கிணறுகளின் நீரையே. பாலத்தின் தூணுக்கும் அணையின் அடித்தளத்துக்கும் போர்வையாக இருப்பதும் அம்மணலே.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில், 1928 இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சாய்ந்ததையும், 22 ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. இவற்றுக்கு வயதும் வெள்ளத்தின் வேகமும் காரணங்கள். ஆயினும் மணல் குறைந்து ஆற்றுப்படுகை தாழ்ந்தால் தூண்களின் அடி வெளிப்பட்டு அரிப்பு மிகும் என்பது பொறியியலின் முதற்பாடம். கட்டடத்துக்கு அள்ளினாலும் சுரங்கத்துக்கு அள்ளினாலும் ஆற்றுக்கு இழப்பு ஒன்றுதான். ஒரு குழியை மூட இன்னொரு குழி தோண்டுவது கழிவு மேலாண்மை ஆகாது. அது கழிவை இடம் மாற்றுவதே ஆகும்.

மாற்று வழிகள்

அப்படியானால் எதைக் கொண்டு நிரப்புவது? எடுத்ததையே திரும்ப வைப்பதுதான் நியாயமான விடை.

முதலில் கல். நிலத்தடிச் சுரங்கத்தில் வெளிவரும் கல் குறைவு. அது மட்டும் வெற்றிடத்தை நிரப்பாது. ஆனால் அருகிலேயே திறந்தவெளிச் சுரங்கங்கள் மலைமலையாக மேல்மண்ணையும் பாறையையும் குவித்து வைத்துள்ளன. இன்று இந்தியா ஆண்டுக்கு நூறு கோடி டன்னுக்கு மேல் கரி எடுக்கிறது. அதில் நிலத்தடிச் சுரங்கங்களின் பங்கு ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு, மற்றதெல்லாம் திறந்தவெளியே. அக்குவியல்களில் உள்ள மணற்கல்லை நொறுக்கி, சலித்து, களிமண்ணைக் கழுவி நீக்கினால் நிரப்புவதற்கு ஏற்ற மணல் கிடைக்கும். சிங்கரேணி நிறுவனம் இவ்வாறு மேல்மண்ணிலிருந்து மணல் தயாரித்துச் சுரங்கங்களை நிரப்பிக் காட்டியுள்ளது. இதில் குன்றும் குறைகிறது, பள்ளமும் மூடுகிறது, ஆறும் பிழைக்கிறது.

அடுத்தது சாம்பல். மறுபடியும் கணக்கிடுவோம். நூறு டன் கரி எடுத்த இடத்தில் 70 கன மீட்டர் வெற்றிடம். அக்கரியை எரித்தால் 35 முதல் 40 டன் சாம்பல். ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் என்று கொண்டால், அச்சாம்பல் பாதி வெற்றிடத்தை நிரப்பிவிடும்! மீதிப் பாதிக்குக் கல் போதும். இயற்கை நமக்குக் கணக்கைச் சரியாகவே கொடுத்திருக்கிறது. 2021 டிசம்பர் 31 இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, அனல் நிலையங்கள் தம் சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்று விதித்தது. பயன்களின் பட்டியலில் சுரங்க வெற்றிடத்தை நிரப்புதலும் உண்டு. சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் சாம்பல் பயன்படுவதை நம் மாவட்டத்திலேயே காண்கிறோம்.

ஆனால் நல்லது மட்டும் கூறி முடிப்பது ஆய்வாகாது. புகைபோக்கியில் பிடிக்கப்படும் நுண்சாம்பலிலிருந்து நீர் எளிதில் வடியாது. அடைப்பின்மேல் அழுத்தம் கூடி அது உடையும் ஆபத்து உண்டு. கொதிகலனின் அடியில் விழும் பருஞ்சாம்பல் இதற்கு மேலானது. நுண்சாம்பலோடு சிறிது சிமெண்டு கலந்து கெட்டியான குழம்பாகச் செலுத்தினால் அது இறுகிக் கல்லாகும். மேலும் சாம்பலில் ஆர்செனிக் முதலிய நச்சுத் தனிமங்கள் சிறிதளவு உண்டு. அவை நிலத்தடி நீரில் கரையுமா என்று ஒவ்வோர் இடத்திலும் சோதித்தறியாமல் நிரப்பலாகாது. வேதியியல் மாணவர்களாகிய நமக்கு வேலை இருப்பது இங்கேதான்.

மூன்றாவது தடை தூரம். மின் நிலையம் சுரங்கத்தின் அருகே இருந்தால் சாம்பல் திரும்புவது எளிது. நம் மாநில நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்சேரிலிருந்து பாராதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் கரி வருகிறது. அவ்வளவு தூரம் சாம்பல் திரும்பிச் செல்வது கடினமே. ஆயினும் கரி கொண்டு வரும் இரயில் பெட்டிகள் திரும்பும்போது காலியாகவே போகின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுரங்க நீர்

நீரைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். கரியோடு பைரைட் என்ற இரும்பு சல்பைடு கலந்திருப்பதுண்டு. காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலமாகவும் காவி நிற இரும்பு ஹைட்ராக்சைடாகவும் மாறும். ராணிகஞ்ச், ஜரியா நிலக்கரியில் கந்தகம் பொதுவாகக் குறைவு. வடகிழக்கு மாநிலங்களின் கரியிலோ அது மிகுதி. மேகாலயாவின் ஜெயின்டியா மலைகளில், எலிவளை போன்ற குறுகிய சுரங்கங்களிலிருந்து வழிந்த நீரால் ஆறுகள் அமிலமாகி மீன்கள் அற்றுப்போயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் அச்சுரங்கங்களுக்குத் தடை விதித்தது.

இதற்கு மருந்து கடினமானதன்று. நீரைத் தொட்டியில் தேக்கிக் கரித்தூளைப் படியவிட வேண்டும். அமிலம் இருந்தால் சுண்ணாம்பு சேர்த்து நடுநிலையாக்க வேண்டும். இரும்பு வீழ்படிவாகப் படிந்த பின் சோதித்து, வடிகட்டிப் பாசனத்துக்கும் பிற பயன்களுக்கும் விடலாம். சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகள் வற்றுவதற்கு அந்த இறைப்பே ஒரு காரணம் ஆதலால், சுத்தம் செய்த நீரை அவ்வூர்களுக்கே தருவதுதான் முறை.

முடிவுரை

நிலத்தடிச் சுரங்கங்களின் காலம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2030 ஆம் ஆண்டுக்குள் அவற்றின் உற்பத்தியைப் பத்துக் கோடி டன்னாக உயர்த்துவது அரசின் குறிக்கோள். புதிதாக வெட்டப் போகும் ஒவ்வொரு சுரங்கத்திலும், முதல் டன் கரி வெளிவருவதற்கு முன்பே நிரப்பும் பொருள் எது, அது எங்கிருந்து வரும், செலவு யாருடையது என்ற மூன்றுக்கும் விடை எழுதப்பட வேண்டும். அச்செலவு கரியின் விலையிலேயே சேர்தல் வேண்டும். இல்லையேல் அபர்ஃபான் பெற்றோரும், ஜரியாவில் வீடிழந்தோரும், ஆற்றோரத்து உழவரும் அதனைச் செலுத்த நேரும். மின்விளக்கின் கீழ் அமர்ந்து இக்கட்டுரையைப் படிக்கும் நாம் அனைவரும் அக்கரியின் பயனை அனுபவிப்பவர்கள்; விலையில் சில காசு கூடினால் மறுக்க நமக்கு நியாயம் இல்லை.

இக்கட்டுரையை எழுதி முடித்து வீட்டில் படித்துக் காட்டினேன். என் தந்தையார் எழுதப் படிக்கத் தெரியாதவர், பொறுமையாகக் கேட்டார். முடிவில், "கிணத்துல தண்ணி வரணும், அதனால திறந்து வெக்கிறோம். இவங்க எடுக்கிறதை எடுத்தாச்சுன்னா அப்புறம் மூடித்தானே ஆகணும்?" என்று கேட்டார். சட்டமும் விஞ்ஞானமும் கூறுவது அதுவே. இனிச் செயல்தான் தேவை.